அளவு நோட்டு

தனகோட்டி டெய்லரின் அளவு நோட்டில்
என் பக்கம்தான் அதிகம் அழித்து எழுதியது.
மேலே பென்சிலில் அமலோற்பவம், முத்தியால்பேட்டை.
கீழே கைச்சுற்று:
பத்தரை. பன்னிரண்டு. பதினாலேகால்.
பதினைந்தே முக்கால் எழுதின அன்று
டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்,
"இதுக்கு மேல ஏறுமாம்மா?
ஏறும்னா உள்ள துணி விட்டு வைக்கணும்."
அதுவரை என் உடம்பைப் பற்றி
யாரும் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

உப்பளத்தில் மேடை.
மைக் பிடித்தவருக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை,
மிஸ் அமலா ஆக்கிவிட்டார்.
சீட்டுப் பணத்தில் எனக்குச் சிவப்பழகு கிரீம் வாங்கின அம்மா
அன்று டியூப் லைட் துடிக்கிற பாத்ரூமில்
தேக்கு அலமாரிக்கு அடிக்கிற நிறத்தை
ஸ்பாஞ்சில் தொட்டு என் முதுகெல்லாம் பூசினாள்.
கருத்தால்தான் வெட்டு தெரியும் என்றார் கோச்.
அம்மா சிரித்தாள். பிறகு ஏனோ சிரிக்கவில்லை.

இரண்டு நாள் தண்ணீர் கிடையாது.
ஈரத்துணியில் நாக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.
தோலுக்கும் சதைக்கும் நடுவில்
ஒரு சொட்டு தங்கக் கூடாது.
நின்றேன். முதுகை விரித்தேன்.
கூட்டத்தில் பாதி விசில், பாதி "ஐயே".
காது அடைத்திருக்கும்போது இரண்டும் ஒரே சத்தம்தான்.
அந்த வருஷம் நாங்கள் நாலு பேர்.
அடுத்த வருஷம் இரண்டு.
அதற்கும் அடுத்து நான் மட்டும் போனேன்.
தனியாளுக்குப் போட்டி வைக்க முடியாதென்று
பஸ் காசு கொடுத்து அனுப்பினார்கள்.
சாயம் போக ஒரு வாரம் ஆனது.

இப்போது தண்ணீர் கேன் ஏஜென்சி.
இருபது லிட்டர் கேன், நாளைக்கு எழுபது, எண்பது.
தோளில் ஒன்று, கையில் ஒன்று,
சோலை நகர் மூணாவது மாடி வரைக்கும்.
மூச்சு வாங்குவதில்லை. முட்டிதான் பேசுகிறது.
திடீரென்று கழுத்தில் ஏறி
நெற்றியில் உடைகிற சூட்டைப் பற்றி
எந்த டயட் சார்ட்டிலும் எழுதியிருக்கவில்லை.
"ஆம்பள ஆள் அனுப்பலியா?" என்று கேட்ட கதவுகள்
"அக்கா, அப்படியே அந்த சிலிண்டரையும்" என்கின்றன.
நகர்த்துகிறேன். அதற்குத் தனிக் காசு.

போன மாசம் நடுவராகக் கூப்பிட்டார்கள்.
பொன்னாடை, எலுமிச்சம்பழம்.
மேடையில் பதினெட்டுப் பெண்கள்,
இரண்டு தடவை எண்ணினேன்.
கண்ணாடிச் செருப்பு, ஜிகினா, இடுப்பில் ஒரு கை.
என் தாளில் அச்சடித்திருந்தது:
தசை அளவுக்கு மீறினால் மதிப்பெண் குறைக்கவும்.
எத்தனை இஞ்சு அளவு என்று போடவில்லை.

பதினொன்றாம் எண், காலாப்பட்டுப் பெண்.
திரும்பி நின்றாள்.
வலையை உதறி விரிப்பதுபோல்
முதுகு மெதுவாகத் திறந்தது.
கூட்டம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது,
விசில் இல்லை, ஒரு ஐயேகூட இல்லை.
எனக்கு நாக்கு வறண்டது.
பக்கத்து நடுவர் என் தாளை எட்டிப் பார்த்தார்.
குறைத்தேன்.
இரண்டு மார்க்.
பேனா என் கையில்தான் இருந்தது.

வெளியே வந்தபோது அவள் படியில் உட்கார்ந்து
பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருந்தாள்,
தாடையிலிருந்து சாயம் கோடு கோடாய் இறங்க.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.
இன்னொரு பாட்டில் மூடியைத் திருகிக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள், யாரென்று நிமிராமல்.

நேற்று கிறிஸ்துமஸ் ரவிக்கைக்குப் போனேன்.
தனகோட்டி டேப்பைச் சுற்றினார். பதிமூன்றரை.
பதினைந்தே முக்காலுக்கு நேர் கீழே எழுதிவிட்டு,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"இனிமே உள்ள துணி விடவேணாம் இல்ல?" என்றார்.
"விடுங்க" என்றேன்.
"எவ்வளவு?"
"அரை இஞ்சு."
வாசலில் வண்டி, பதினாறு கேன்,
தண்ணீர் வெயிலில் சுட ஆரம்பித்திருந்தது.