மீட்டர் கணக்கு

இஞ்சியோன் துறைமுகத்துக்குப் பின்னால்,
இரண்டு பேர் எதிரெதிரே வந்தால்
ஒருவர் தோளைச் சாய்த்தாக வேண்டிய சந்து.
நாற்பத்தொரு கதவு, நாற்பத்தொரு கேஸ் மீட்டர்.
பதினொரு வருஷமாகப் படிக்கிறேன்.
எந்த வீட்டில் சமையல் ஒருவேளையானது,
யார் பிப்ரவரியிலும் பாய்லரை அணைத்துவிட்டு
கோட்டோடு படுத்தார்கள்,
எல்லாம் எண்ணாகத் தெரியும்.
கேட்டதில்லை. சொன்னதுமில்லை.

இன்று வேலை வேறு.
நாற்பத்தொன்றில் தொடங்கி இறங்கி வருகிறோம்.
குழாயைத் திருகி மூடி, முத்திரை வைத்து,
கடைசி எண்ணைக் குறிக்கிறேன்.
பின்னாலேயே ஒரு பையன்
சிவப்புப் பெயின்ட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு.
கதவுக்குக் கதவு இரண்டே எழுத்து: கொங்-கா.
காலி வீடு.
முதல் எழுத்தின் அடியில் ஒரு வட்டம் வரும்.
அது மட்டும் அவனுக்கு வரவே இல்லை;
கோணலாகி, வழிந்து, வாசற்படிவரை ஒழுகுகிறது.

பத்தொன்பதில்
எழுதி முடித்த கதவு உள்ளிருந்து திறந்தது.
தக் யோன்-சுக், கையில் சீப்பு.
சிவப்பு ஒட்டிய தன் விரலைப் பார்த்தாள்.
"அப்போ நான் காலியா?"
பையன் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

உள்ளே நாற்காலியில் மீன் சந்தைக்காரி,
தலை முழுக்கச் சுருள் உருளைகள்.
"மருந்து போட்டாச்சு. நாற்பது நிமிஷம்.
வெந்நீரில் கழுவலேன்னா தலை வெந்துடும்.
அப்புறம் வந்து மூடு."

வாடகைக்காரிக்கு ஓட்டு இல்லை.
வீட்டுக்காரர்கள் கூடிக் கை தூக்கிய அன்று
எல்லோருக்கும் காப்பி கலந்து தந்தவள் அவள்தான்.
தூக்கிய கைகளில் ஒன்று என்னுடையது.
ஏழாம் எண்.

பதினான்காவது மாடியில் ஒரு வீடு என்றார்கள்.
மாதிரி வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்
பிளாஸ்டிக் ஆப்பிளைத் தொட்டுப் பார்த்தேன்.
பிறகு, கூடுதல் தொகை என்று கடிதம் வந்தது.
மீட்டர் படிக்கிறவன்
விரல் வைத்து சைபர்களை எண்ணினேன்.
உரிமையை விற்றுவிட்டேன்.
மனைவி பாத்திரங்களோடு தங்கை வீட்டுக்குப் போனதை
சந்தில் யாரும் கேட்கவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
பையன் சலித்துப்போய் முன்னால் நடந்தான்.
மீன் சந்தைக்காரி கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டாள்:
"உன் வீட்டுக் குழாயை யார் மூடுவாங்க?"

வெந்நீர் ஓடியது. வெளியே சின்னச் சக்கரம் சுற்றியது.
பத்தொன்பதாம் எண்ணுக்குரியதை
வந்தவுடனேயே எழுதி முடித்திருந்தேன்.
அதற்குமேல் ஓடியது
யார் கணக்கிலும் இல்லை.

முடி உலர்ந்தது. மூடினேன்.
தக் யோன்-சுக் கழுத்துத் துணியை
வாசலில் உதறிவிட்டு உள்ளே போனாள்.

ஏழாம் எண்ணுக்கு வந்தபோது
பெயின்ட் இன்னும் ஈரம்.
பையன் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இந்த முறை
வட்டம் நன்றாக வந்திருந்தது.