இழுக்காமல் ஒட்டியது

முதுகைக் காட்டி உட்கார், லோஷினி.
டேவானின் பின்படியில் வெளிச்சம் போதும்.
வியர்வையைத் துடைத்துவிட்டேன்,
தைல வாசம் மட்டும் போகவில்லை.
அதன்மேல் டேப் நிற்காது என்று
எத்தனை முறை சொல்வது.

கையைத் தூக்கு. மெதுவாக.
இடது தோள்பட்டை எலும்பு
நேரத்துக்குப் புறப்பட்டு
விலாமேல் வழுக்கி
கையோடு சேர்ந்தே திரும்புகிறது.
வலதுக்குத்தான் தயக்கம்.
கை காதைத் தாண்டிய பிறகு
ஞாபகம் வந்ததுபோல் எழுகிறது.
இறங்கும்போது
ஓரம் தோலைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது,
சரியாகச் சாத்தாத அலமாரிக் கதவு.

பகலெல்லாம் நீ ஆலையில்
தலைக்குமேல் ஓடும் சங்கிலியிலிருந்து
ரப்பர் கையுறை உரிக்கிறாய்.
ஐந்து விரல் விரித்த பீங்கான் கைகள்
வந்துகொண்டே இருக்குமாம்.
"அத்தனை கை இருந்து என்ன,
ஒண்ணுகூட பந்தை அடிக்காது" என்பாய்.
சாயங்காலம் எங்களுக்காக
எழும்பி எழும்பி அடிப்பாய்.

நான் லிபெரோ. குட்டை.
வலைக்குமேல் எனக்கு வேலையில்லை.
கிள்ளானில் மூன்று மாதம்
பிசியோதெரபி படித்துப் பாதியில் விட்டவள் என்பதால்
டேப் என் பொறுப்பு.
சுருள் முப்பத்தெட்டு ரிங்கிட்.
நுனியை வட்டமாக வெட்டி,
மூன்றில் ஒரு பங்கு இழுத்து,
எலும்பின் கீழ்முனைவரை ஒட்டி,
பசை பிடிக்க உள்ளங்கையால் சூடேறத் தேய்ப்பேன்.
"பிடிச்சிருக்கு" என்பாய்.
எது பிடித்திருக்கிறது, டேப்பா கையா,
நான் கேட்டதில்லை.

அரையிறுதி அன்று
தஞ்சோங் காராங் அணி வலைப்பக்கம் வந்துவிட்டது.
சுருளில் மிச்சம் ஒரு சாண்.
பழைய பசை, இழுத்தால் பிய்ந்துவிடும்.
இழுக்காமல் ஒட்டினேன்.
வெறும் நீலத் துணி.
சொல்லவில்லை.

பதினான்கு புள்ளி.
கடைசிப் பந்துக்கு நீ எழும்பியபோது
பின்வரிசையில் குனிந்து நின்றபடி பார்த்தேன்.
ஜெர்சிக்குள் அந்த எலும்பு
தயங்காமல் கிளம்பியது.
அல்லது
கிளம்ப வேண்டும் என்று எனக்கிருந்தது.

பத்தாங் பெர்ஜுந்தை திரும்பும் வழியெல்லாம்
செம்பனைக்குலை லாரி ஒன்று
முந்தவிடாமல் முன்னால் ஊர்ந்தது.
வேனின் இருட்டில் சொன்னாய்:
"இன்னைக்கு ஒட்டினதுதான்
சரியா இழுத்துச்சு.
இனிமே அப்படியே ஒட்டு."

சரி என்றேன்.

இப்போது மடியில் புதுச் சுருள்,
பிரிக்காத பசை,
கையில் கத்தரிக்கோல்.
எவ்வளவு இழுக்கட்டும்?
பேசாதே, முதுகு அசைகிறது.
கையை இறக்காதே,
இன்னும் கொஞ்சம் அப்படியே.