இரவல் காய்ச்சல்

மைனஸ் இருபத்து நான்கில் மீன் பெட்டி அடுக்குகிறவள் நான்.
கிடங்குக் கதவு சாத்தினால்
என் மூச்சு எனக்கு ஓரடி முன்னால் நடக்கும்.
எட்டு மணி நேரம் அப்படி.
பிறகு, வாரம் மூன்று மாலை,
நகராட்சிக் குளத்தின் பின்கட்டில்
நாற்பதரை டிகிரி வெந்நீரில்
கழுத்துவரை இறக்கிவிடுகிறார்கள்.

"நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், ஸ்டெய்ன்வோர்.
சும்மா இருந்தால் போதும்" என்கிறான் பெர்க்ஸ்வெய்ன்,
ஆய்வுக்காக ரெய்க்யவிக்கிலிருந்து
இந்த ஃபியோர்டு முனைக்கு அனுப்பப்பட்ட பையன்.

நூற்றுப் பதினான்கு கிலோவிடம்
இதுவரை யாரும் சும்மா இரு என்று சொன்னதில்லை.
நட என்றார்கள். படி ஏறு என்றார்கள்.
வெண்ணெயை மறந்துவிடு என்றார்கள்,
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

காதில் ஒரு கம்பி. விரலில் ஒரு கவ்வி.
முப்பத்தேழு.
முப்பத்தேழு புள்ளி நாலு.
இருபதாம் நிமிடம் நெற்றி உடைந்து ஒழுகுகிறது.
தலையில் விழும் பனி
உதட்டுக்கு வருவதற்குள் உப்பாகிவிடுகிறது.
முப்பத்தெட்டரை தொட்டதும் கடிகாரத்தை அழுத்துகிறான்.
இது காய்ச்சல்தான்,
நோய் இல்லாத காய்ச்சல்;
தண்ணீரிடம் இரவல் வாங்கி
ராத்திரிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டியது.
இதயம் மட்டும் எங்கோ மாடி ஏறுகிறது.
கால்கள் அடியில் கிடக்கின்றன,
தோலுரித்த இரண்டு காட் மீன்கள்.

பக்கத்துத் தொட்டியில் ஹால்பெரா.
அவளுக்கு விழுந்த சீட்டு முப்பத்து நான்கு டிகிரி.
ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அணி வேண்டுமாம்.
"ஆறிப்போன காபிக்குள் உட்கார்ந்திருக்கிறேன்!"
துறைமுகத்துக்கே கேட்கிறது.

பத்து வாரம் முடிந்தது.
தராசில் நூற்றுப் பதின்மூன்று புள்ளி எட்டு.
அந்த இருநூறு கிராம்
கழற்றி வைத்த சாவிக்கொத்தாக இருக்கலாம்.
வெறும்வயிற்றுச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, கொஞ்சம்.
ரத்த அழுத்தமும், கொஞ்சம்.
"உங்கள் ஒருவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது.
பதினெட்டுப் பேரை வைத்தும் சொல்ல முடியாது."
பொய் ஒட்டாத முகம் அவனுக்கு.

ஹால்பெராவுக்கும் இறங்கியிருந்தது, கொஞ்சம்.
அவன் காதைச் சொறிந்தான்.
"வாரம் மூன்று மாலை
என்னை யாரும் சமைக்கச் சொல்லவில்லையே,
அதைக் குறித்தீர்களா?" என்றாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டான்.

அன்றிரவு கம்பி இல்லாமல், கவ்வி இல்லாமல்,
இருவரும் பொதுத்தொட்டிக்குப் போனோம்.
யாரும் எண்ணாத சூட்டில்
மூக்கு மட்டும் வெளியே நீட்டிக் குளிர் காய்ந்தோம்.
அவள் ஒரு மணி நேரம் திட்டினாள்:
கப்பல் முதலாளியை, வாடகையை, காற்றை.

மறுநாள் கிடங்கில்
கையுறை கழற்றி ஒரு பெட்டியைத் தொட்டேன்.
பனிப்படலத்தில் ஐந்து விரலும்
நனைந்த கறுப்பாக விழுந்தன.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
சுண்டுவிரலிலிருந்து வெளுக்கத் தொடங்கியது.
அடுத்த பெட்டியை எடுத்தேன்.