தொலி

குட்டாய்சி நிறுத்தத்தில்
எங்கள் பதினோரு பேரையும் உள்ளே வைத்து
வாயை இறுக்கிக்கொண்டது வேனின் பக்கக் கதவு.

நோதாரி இழுத்தார். தோளால் முட்டினார்.
கைப்பிடிதான் கையோடு வந்தது.

ஓட்டுநர் இருக்கையைத் தாண்டி
ஒவ்வொருவராய் இறங்கினோம்.
பாலாடைக்கட்டி வாளி. அழுகிற குழந்தை.
கடைசியாக சியாலா,
கியர்க் கம்பியில் பாவாடை சிக்கி,
செத்துப்போன கணவனையும் சேர்த்துக்
கதவைத் திட்டியபடி.

ஈரத்தரையில் மல்லாந்து
கீழ்த்தடத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார் நோதாரி.
கல்லில்லை. துருவுமில்லை.
சூரியகாந்தி விதைத் தொலி,
அள்ள அள்ள,
ஆறு வருஷமாய்க் கொறித்துத் துப்பியது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
சியாலாவின் தாடை பாதியில் நின்றது.

கிரீஸ் தடவியதும்
சர்ரென்று ஓடியது கதவு.
ஓடியது ஓடியதுதான்,
இனி மூடாதாம்.

கயிற்றால் கட்டி
மழையையும் ஓர் ஆளாக ஏற்றிக்கொண்டு
ஜெஸ்டபோனி போகிறோம்.

மலை திரும்புகையில்
பொட்டலம் பிரியும் சத்தம்.

நானும் கை நீட்டினேன்.