பாசி நாட்களில் நரம்பு

மதுரைக் கடைக்காரர் கேட்டார்:
"குடல் நரம்பா? இப்ப யாரும்மா அதைப் போடுறாங்க?"
விரல்களைக் காட்டினேன்.
வேறொன்றும் கேட்காமல்
விலையில் ஐம்பது குறைத்தார்.

மாதத்தில் பன்னிரண்டு நாள் பாசிக்குப் போகிறோம்.
மரிக்கொழுந்து பாறையை விட்டு லேசில் வராது.
விரல்விரலாய்த் துணி சுற்றி
மேலே ரப்பர் போட்டுக் கட்டினாலும்
பாறை இடம் பார்த்துக் கடிக்கும்,
பிறகு உப்பு வந்து விசாரிக்கும்.
அந்த விரலை ஞாயிற்றுக்கிழமை
இரும்புக் கம்பியில் வைத்து அழுத்தும்போது
இரக்கமாயிரும் என்று குழு மொத்தமும் கெஞ்சுவது
எனக்காகத்தான் என்று தோன்றும்.

ஆட்டுக் குடல் அப்படியில்லை.
சொரசொரப்புதான், ஆனாலும் விட்டுக்கொடுக்கும்.
ஒருகாலத்தில் உடம்புக்குள் இருந்த பொருள்,
புண்ணென்றால் என்னவென்று அதற்குத் தெரியும்.
கீழக்கரைக் கறிக்கடை சிக்கந்தர்
கத்தியை நிறுத்திச் சிரித்தார்:
"நாங்க அதைக் கழுவிக் குழம்பு வைக்கிறோம்,
நீ கோயிலுக்குக் கொண்டு போறியாக்கும்."

கொண்டல் திரும்பினால்தான் வம்பு.
நரம்பு ஈரம் குடிக்கும்.
பூசைக்கு முன்னால் சுதி சேர்த்து வைப்பேன்.
முதல் வாசகம் முடிவதற்குள்
ஒருநாள் ஏறியிருக்கும், ஒருநாள் இறங்கியிருக்கும்.
சேசுராசு தன் கேசியோவைத் தட்டிச் சொல்வான்:
"கீபோர்டு நகராது, கித்தேரி.
நீதான் நகரணும்."

நகர்ந்தேன்.
கம்பி வாங்கிவந்து
நாலு நரம்பையும் ஒரேயடியாய்க் கழற்றினேன்.
ஒவ்வொன்றாய் மாற்ற வேண்டுமாம், யாருக்குத் தெரியும்?
குதிரை சரிந்தது. உள்ளே ஒரு குச்சி விழுந்து
காய்ந்த சங்குக்குள் நண்டோடு போல் உருண்டது.
குதிரை என்கிறார்கள் அதை.
பாம்பன்காரி வாயில் பாலம் என்றுதான் வருகிறது.
பாலம் விழுந்துபோச்சு என்று நான் கத்தியதில்
பக்கத்து வீட்டில் இரண்டு பேர் தெருவுக்கே ஓடினார்கள்.

வீட்டுக்காரர் அருளானந்து விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவர்.
வளைத்த கம்பியை ஓட்டைக்குள் விட்டு
அரைமணி நேரம் மூச்சைப் பிடித்துக் குச்சியை நிறுத்தினார்.
"இதுக்கு லைலாண்டு இன்ஜினே தேவலாம்."

கம்பி சொன்ன இடத்தில் நிற்கும்.
எதையும் குடிக்காது.
ஆறு வாரத்தில் துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.
விரல்நுனியில் பழுப்புக் கோடு, நங்கூரச் சங்கிலி வாசனை.
ஆனால் அதன் சத்தம் கடைசி வரிசை தாண்டி
வெளியே கூடையை இறக்காமல் நிற்கிறவள் வரைக்கும் போகிறது.
நரம்போ
பீடத்தோடு மெல்லப் பேசி முடித்துக்கொள்ளும்.

இப்படித்தான் ஓடுகிறது.
கடலை நாங்களாகவே விட்டுவைக்கும் நாற்பத்தைந்து நாளும் கம்பி.
தோல் மூடிக்கொள்ளும், வில் துணியும்.
மறுபடி இறங்கியதும் நரம்பு.
மாற்றிய முதல் வாரம் முழுக்க
வில் பழைய பழக்கத்தில் அழுத்த,
நரம்பு கரகரவென்று மறுக்கும்.

போன தேர் இரவில் பாதிப் பாட்டில்
மேல் நரம்பு அறுந்து கன்னத்தில் அடித்தது.
அருளானந்து பையிலிருந்து எடுத்து நீட்டியது தங்கூசி.
"இதுவும் நரம்புதானே?"
கடையில் அப்படித்தான் கேட்டு வாங்குகிறோம், உண்மைதான்.
கட்டி இழுத்துப் பார்த்தேன்.
பூனை ஒன்று கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது.

பெட்டிக்குள் பழைய கம்பி ஒன்று கிடந்தது, துரு தொடங்கியது.
மூன்று குடல், ஒரு இரும்பு.
சேர்த்துப் பிடித்தால்
மூன்றும் அரை இழை மேலே நின்றன.
இறக்க நேரமில்லை, தேர் நகர ஆரம்பித்துவிட்டது.
ஒற்றைக் கம்பியை அவற்றோடு ஏற்றிவிட்டு
என்னவானாலும் ஆகட்டும் என்று வாசித்தேன்.

இரண்டாவது அடியில்
கீபோர்டு என் பக்கம் வந்து நின்றது.
திரும்பிப் பார்த்தேன்.
சேசுராசு ஏதோ ஒரு பொத்தானிலிருந்து
விரலை எடுத்துக்கொண்டிருந்தான்.

நானும் கேட்கவில்லை.
அந்த ஒற்றைக் கம்பியை இன்னும் கழற்றவில்லை.
நாளைக்குப் பாசி.
ஆட்காட்டி விரலுக்கு மட்டும்
துணி இரண்டு சுற்று கூடுதல்.