நிமிடத்துக்கு ஒரு லோட்டி

ஜூலையில் பனி விழுந்தால்
மொகோட்லோங் சாலையை மூடிவிடுவார்கள்.
என் கடைக்கு அந்தக் கவலை இல்லை.
பழைய கண்டெய்னர், ஒரே கதவு,
அதுவும் சரியாகச் சாத்தாது.
கூரையில் இரண்டு சோலார் தகடு.
உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர்,
சுவரில் என் கையெழுத்தில்:
இணையம், நிமிடத்துக்கு ஒரு லோட்டி.
மேகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

மாந்தாதி குதிரையில் வந்தாள். மூன்று மணி நேரம்.
போர்வைக்குள் சுருட்டிவைத்த எக்ஸ்ரேவை
முதலில் எடுக்கவில்லை. காசைத்தான் எடுத்தாள்.
எண்ணி வைத்தாள். நாற்பது.
"இதற்குள் முடித்துவிடு."

அவள் புருஷன் செகோன்யானா
பத்தொன்பது வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம்
சுரங்கத்தில் பாறை உடைத்தவன்.
தங்கம் அங்கேயே தங்கிவிட்டது.
தூசி மட்டும் அவனோடு ஊர் வந்து
அவனோடு மண்ணுக்குள் போயிற்று.
நஷ்டஈட்டுக்கு மனுப் போடலாமாம்,
இணையத்தில் மட்டும்.

மின்னஞ்சல் முகவரி கேட்டது.
அவளுக்கு இல்லை. உண்டாக்கினேன்.
பாஸ்வேர்ட் கேட்டது.
"ரகசியமாக ஒரு சொல் சொல்லுங்கள்" என்றேன்.
கடையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள்.
யோசித்து, சத்தமாக,
குதிரையின் பெயரைச் சொன்னாள்.
(அதை இங்கே எழுத மாட்டேன்.)
கூடவே ஓர் எண்ணும் வேண்டுமாம்.
"குதிரை ஒன்றுதானே" என்றாள்.
ஒன்று சேர்த்தேன்.

பிறகு அந்த ஒன்பது கட்டங்கள்.
நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கவும்.
போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தொடவும்.

என் நாற்காலியில் உட்காரவைத்தேன்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.
ஒன்பதிலும் ஏதோ ஒரு நகரம்.
ஓரத்தில் தலைகாட்டிய மரத்தைத் தொட்டாள்.
"இது தெரியும்."
தவறு. மீண்டும் ஒன்பது.

அந்த விளக்கு என்ன செய்யும் என்று கேட்டாள்.
சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும் என்றேன்.
"நடுராத்திரி, வேறு வண்டியே இல்லை என்றாலும்?"
ஆமாம்.
அவள் சிரித்தாள். காத்திருந்தவர்களும்.
மாஸேருவில் ஒரே ஒருமுறை பார்த்த நானும்.

கடைசியில் நான்தான் தொட்டேன்.
மூன்று கட்டம். பச்சைக் குறி விழுந்தது.
அவள் மனுஷி என்பதற்கு
இருபத்தாறு லோட்டி ஆகியிருந்தது.

எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
போனில் படம் எடுத்தேன்.
செகோன்யானாவின் நெஞ்சுக்குள்
எதிர்மலை முகடு வந்து நின்றது, வெள்ளைப் புள்ளிகளோடு.
எது பனி, எது தூசி,
பிரிட்டோரியாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?
வெறும் வானம் இருக்கும் பக்கம் திருப்பச் சொல்லி
இன்னொன்று எடுத்தேன்.

ஏறத் தொடங்கியது. பதினொரு சதவீதம். முப்பது.
நாற்பதாவது நிமிடம், அறுபத்தொன்றில் நின்றது.
மேகம்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை
என்று எழுத ஆசைதான். பார்த்தேன்.
நானும் மெகாபைட் கணக்கில்
கடனுக்கு வாங்கி விற்பவன்.
அவளும் பார்த்தாள்.
போர்வையின் ஊசியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
"வேண்டாம்" என்று சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரம்
ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும்.

மேகம் விலகி நூறு ஆனது.
'சமர்ப்பி'யை நீங்களே அழுத்துங்கள் என்றேன்.
பெருவிரலைத் திரையில் பதித்து
இடமிருந்து வலம் உருட்டினாள்,
மையில் உருட்டுவதுபோல.
அவள் பார்க்காதபடி மவுஸைச் சொடுக்கினேன்.

"பதில் எங்கே வரும்?"
அந்த முகவரிக்கு.
"அது எங்கே இருக்கிறது?"
கம்ப்யூட்டரைக் காட்டினேன்.
ஆள் அடையாளம் வைத்துக்கொள்வதுபோல
அதை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

தினமும் கடை திறந்ததும்
குதிரையின் பெயரைத் தட்டுகிறேன். பின்னால் ஒன்று.
அதற்கு நிமிடம் எண்ணுவதில்லை.
இன்று முதல் கடிதம் வந்திருந்தது:
உங்கள் பாஸ்வேர்ட் பலவீனமானது, உடனே மாற்றவும்.

மூன்று மணி நேரம்
முழங்கால் பனியில்
அவளைச் சுமந்து வந்த குதிரை அது.