பால்நிறம்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடி விரிசல்.
அளவெடுக்கப் போனேன்.
எதிர்ச்சுவரில் அந்த ஓவியம்:
ஆளுயரச் சாம்பல், அதன் குறுக்கே ஈரப் பழுப்பு,
இடது ஓரம் மேலே
கட்டைவிரல் அகலத்தில் ஒரு மஞ்சள்.
வாஸ்வியா செரிச், போர், சரயேவோ, பிப்ரவரி 1993
என்றது கீழே ஒட்டிய சீட்டு.
அளவை இரண்டு முறை தப்பாக எழுதினேன்.

அந்த மஞ்சள் என்னவென்று
தாதி ஸும்ரெட்டாவிடம் கேட்டேன்.
எண்ணெய் விளக்கு என்றாள், சந்தேகமே இல்லாமல்.
ஊசிக்கு வரிசையில் நின்ற டிராம் ஓட்டுநர்
அது டிராம் என்றார், எரிவதற்கு முந்தைய டிராம்.
தரை துடைப்பவள் கையை நிறுத்தாமலே சொன்னாள்:
அலமாரி மேல் வாசத்துக்கு வைப்போமே, துன்யாப் பழம்,
அந்தக் குளிர்காலம் அதையும் தின்றோம்.

நான் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுபவன்.
ஓவியன் அல்லன். ஆனாலும்
அன்றிரவு பட்டறையில் விளக்கணைக்கவில்லை.

முதலில் ஒரு முழுக் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்து
சில்லுகளைச் சாம்பல் பூசிய பலகையில் பதித்தேன்.
காலையில் வந்த கூட்டாளி ரஸிம்
"லாரி கவிழ்ந்ததா?" என்றான்.
இரண்டாவதில் சிவப்பு சேர்த்தேன்.
அந்த ஓவியத்தில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.
எனக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது?
வெட்கமாகி, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை.
பிறகு நிலவறையில்
உருளைக்கிழங்கு எடுக்கக் குனிந்தபோது
மூட்டையைப் போர்த்தியிருந்தது அந்தத் தாள்.

நிவாரண லாரியில் வந்த பிளாஸ்டிக்.
ஊரில் கண்ணாடி என்று ஒன்று மிஞ்சாத காலம்,
ஜன்னலுக்கு ஜன்னல் இதைத்தான் ஆணியடித்தோம்.
எனக்குப் பதினொரு வயது.
பால்நிறத் தாளின் பின்னால்
மலை ஒரு பழுப்புக் கோடு.
தெரு சாம்பல்.
யாராவது ஓடினால் ஒரு கறை நகரும்.
சில நேரம் பாதியில் நின்றுவிடும்.
அது யாரென்று
அம்மா படியிறங்கிப் பார்த்து வரும்வரை தெரியாது.
மலைமேல் குறிபார்த்தவனுக்கும்
நாங்கள் கறைகளாகத்தான் தெரிந்திருப்போம்.

அரூப ஓவியம் என்கிறார்கள்.
அவர் அரூபமாக எதையும் வரையவில்லை.
ஜன்னலருகே உட்கார்ந்து
தெரிந்ததைத் தெரிந்தபடி வரைந்திருக்கிறார்.

மண்ணைக் கழுவி, தாளை இழுத்துப் பிடித்து
ஒரு பழைய சட்டத்தில் அடித்தேன்.
எதையும் பூசவில்லை. எதையும் ஒட்டவில்லை.
விரிசல் விட்ட அதே ஜன்னலில்
வெளிப்பக்கம் புதுக் கண்ணாடி, உள்பக்கம் இது.
நிர்வாகி ஒரு மாதம் அனுமதித்தார்.
ட்ரெபெவிச் மலையும் ஆற்றோரச் சாலையும்
அதில் பகல் முழுக்கக் கரைந்துகொண்டிருந்தன.
நாலரை மணிக்கு டிராம் விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பும்போது
இடது ஓரத்தில் ஒரு மஞ்சள் வந்து போகும்.
அது நான் வைத்ததல்ல.

ஒரு செவ்வாய்க்கிழமை வாஸ்வியா வந்தார்,
இரத்தப் பரிசோதனைக்கு.
தன் ஓவியத்தின் பக்கம் திரும்பவே இல்லை.
என் ஜன்னல் முன் நின்றார்.
புகழ்வார், இல்லை திட்டுவார் என்று காத்திருந்தேன்.
கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு
"இங்கே காற்று வருகிறது" என்றார்.

அவர் போனபின்
நாக்கில் நனைத்த விரலால்
நாலு ஓரமும் தடவிப் பார்த்தேன்.
இருபத்தாறு வருடத் தொழில்.
எங்கும் காற்று வரவில்லை.